ஐந்து மணிச் சத்தம்

சர்க்கரை இருநூற்று எண்பது என்றார் டாக்டர்.
பேனா மூடியைக் கடித்தபடி
"காலையில் பச்சையாக ஏதாவது குடியுங்கள்" என்றார்.
புவேப்லா ஊரில் இதற்கு விளக்கம் வேண்டாம்.
சப்பாத்திக்கள்ளி.

செவ்வாய்ச் சந்தையில் எர்மினியா
மடல் மடலாக அடுக்கி வைத்திருப்பாள்.
உள்ளங்கை அளவுதான் இளசு,
அதற்கு மேல் நார் என்பாள்.
முள்ளோடு வாங்கினால் இரண்டு பெசோ குறைவு.
அந்த இரண்டு பெசோவுக்காக
நாலரை மணிக்கு எழுந்து
குழாயடியில் நின்று சீவுகிறேன்.

பெரிய முள் பகையாளி மாதிரி,
வருவது தெரியும்.
சின்னது அப்படியில்லை.
மயிரிழையில் பாதி.
கட்டைவிரலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டு
பஸ்ஸின் ஸ்டியரிங்கை நான் ஒடிக்கும்போதெல்லாம்
நானும் வருகிறேன் என்கிறது.

சீவிய மடல், செலரித் தண்டு,
ஒரு பிடி பார்ஸ்லி,
தோலோடு வெள்ளரி,
இரண்டு ஆரஞ்சு பிழிந்த சாறு,
அன்னாசி ஒரு வில்லை.
(அன்னாசியை டாக்டரிடம் சொல்லவில்லை.)
மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்தது.
கல்யாணம் போய்விட்டது,
மிக்ஸி இருக்கிறது.
மூடியை ஒரு கையால் அமுக்கி
மறு கையால் பொத்தானைத் தொட்டால்
நான்கு மாடிக்கும் தெரிந்துவிடும்
ஃபிதென்சியோவுக்கு விடிந்துவிட்டதென்று.

உடனே கீழிருந்து வரும்
துடைப்பக் கட்டையின் டொக், டொக்.
மூன்றாம் மாடி எவோதியோ.
எட்டு மாதமாக எங்கள் பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.
படிக்கட்டில் எதிர்ப்பட்டால்
அவன் தன் சாவிக்கொத்தைப் பார்ப்பான்,
நான் என் ஷூவை.

வியாழக்கிழமை கரண்ட் இல்லை.
வாய் நிறையத் தழையோடு
மிக்ஸி சும்மா நின்றது.
விட்டுவிடலாம்தான்.
சீவியாகிவிட்டதே.
அடுப்புக்கடியில் கிடந்த
எரிமலைக் கல் உரலை இழுத்தேன்.
மூன்று குட்டைக் கால், முன்பக்கம் ஒரு பன்றி முகம்.
மெழுகுவத்தி வெளிச்சத்தில் தெரிந்தது:
கள்ளி அரைபடாது, வழுக்கும்.
வெண்டைக்காய்க்குப் பெரியப்பன்.
குழவியை ஏமாற்றிவிட்டு
உரல் விளிம்பில் ஏறி உட்காரும்.
உப்புக்கல் நாலு போட்ட பிறகுதான்
பிடி கொடுத்தது.
கொஞ்சம் கொஞ்சமாக ஒரு வாசனை,
மிக்ஸி எனக்கு இதுவரை தராதது.
மழை நனைத்த வேலியின் வாசனை.

கீழே கட்டை தட்டவில்லை.
தட்ட என்ன இருக்கிறது.

ஐந்தே முக்காலுக்குக் கதவு இடிபட்டது.
எவோதியோ.
ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ் மட்டும்.
சட்டையில் ஒரு பொத்தான் தள்ளிப் போட்டிருந்தான்.
"கம்பெனி வண்டி போய்விட்டது!
ஏன் இன்றைக்குச் சத்தம் போடவில்லை?"

சிரிப்பதா, மன்னிப்புக் கேட்பதா.
"கரண்ட் இல்லை" என்றேன்.
"அது எனக்குத் தெரியாதா?" என்றான்.
தெரியவில்லை அவனுக்கு,
என் வாசல் விளக்கைப் போட்டுப் பார்த்தான்.
"ஒரு அலாரம் வைத்துக்கொள்ளக் கூடாதா?"
"எதற்கு? நீதான் இருக்கிறாயே."

என் பஸ் அவன் தொழிற்சாலைப் பக்கம் போகாது.
அதையும் சொன்னேன்.
வேறென்ன கொடுக்க,
வடிகட்டாத சாற்றில் ஒரு டம்ளர் நீட்டினேன்.
கண்ணை இறுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் இறக்கினான்.
பல்லில் ஒட்டிய பார்ஸ்லியை நாக்கால் தேடியபடி
"இந்தக் கண்ணறாவிக்கா
தினமும் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றான்.
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனான்,
ஒற்றை ஷூவோடு.

வெள்ளிக்கிழமை கரண்ட் வந்துவிட்டது.
ஐந்து மணி. மூடியை அமுக்கினேன்.
டொக், டொக்.
அதே கட்டை, அதே கடுப்பு.

கட்டைவிரல் முள் இன்னும் எடுபடவில்லை.
ஹாரனை அழுத்தும்போது மட்டும்
இருக்கிறேன் என்கிறது.