வெறுவயிறு

மண்டூர்த் துறையில் பாதை கயிறு அவிழ்க்கும்போது
ஐந்து ஐம்பது.
குளிசை தொண்டை இறங்கி நாலு நிமிடம்.
அரை மணித்தியாலத்துக்குத் தேத்தண்ணி கூடாது.
ஆட்கள் ஏற, சைக்கிள் ஏற, வாவி கடக்க,
குருமண்வெளியில் இறங்கி பஸ்ஸுக்கு நிற்க
கணக்கு ஒத்துவரும்.
ஆறு வருடமாய் என் கழுத்துக்கு
இந்த வாவிதான் மணிக்கூடு.

சித்திரை மாதம். காற்றும் வியர்க்கிறது.
நான் மட்டும் சுவெட்டர்.
"என்ன கா, நுவரெலியாவுக்கா?"
பாதை ஓட்டும் நல்லரெத்தினம் கேட்பார்.
சிரிப்பேன்.
அதுவும் கொஞ்சம் பிந்தித்தான் வரும்.

போன மாத அறிக்கையில் பதினெட்டு.
எண் கூடக் கூட சுரப்பு குறைவாம்.
டொக்டர் துண்டில் கீறிக் காட்டினார்:
மூளைக்கு அடியில் பயறளவில் ஒன்று
கீழே பார்த்துக் கத்துகிறது.
கழுத்தில் ஒரு வண்ணாத்திப்பூச்சி
செட்டை மடித்துக் கிடக்கிறது.
அது அசையாததால் இது இன்னும் கத்துகிறது.
பதினெட்டு என்பது
என்னைப் பார்த்து நானே கத்தியதன் அளவு.
எனக்கோ ஒன்றும் கேட்கவில்லை.
முடி கொட்டியது, அவ்வளவுதான்.

நடு வாவியில்
வட்டவிதானை சாமித்தம்பி
ஒரு மோட்டார் சைக்கிளோடு சண்டை பிடிக்கத் தொடங்கினார்.
"ஆர்ரா கீழ்க்கண்டத்துக்குத் தண்ணி அடைச்ச?"
மோட்டார் சைக்கிள் பேசவில்லை.
"விடியக்காலையே கசிப்பு" என்றது யாரோ ஒரு குரல்.
இரண்டு பெண்கள் சீலையை இழுத்துக்கொண்டு தள்ளி நின்றார்கள்.

நான் கையைத் தொட்டேன்.
என் குளிர் வறண்டது. தோல் வெடிக்கும் குளிர்.
அவருடையது நனைந்த குளிர்,
மீன் பெட்டிக்குள் கை விட்டது போல.
"ஊசி போட்டீங்களா?"
"போட்ட தானே."
"சாப்பாடு?"
"ரெத்தம் எடுக்க வெறுவயித்தில வரச் சொன்ன."

முப்பது வருடம் துருசு திறந்து பூட்டிய மனிதர்.
குளத்தில் தண்ணி இல்லாத நாளில்
எல்லாத் துருசையும் திறந்துவிட்டு வந்திருக்கிறார்.

சீனி! ஆரிட்டயும் சீனி இருக்கா?

நல்லரெத்தினத்தின் பிளாஸ்கில் பிளேன்ரீ,
மூன்று வருடமாய்ச் சீனி இல்லாமல்.
யோகமலர் டீச்சரிடம் கிரீம் கிரேக்கர்,
அவவுக்கும் நூற்றி எண்பது.
தயிர்ச்சட்டி பதினாறு, பாணி ஒரு சொட்டும் இல்லை.
ஒரு வாளி இறால்.
பாதை நிறையச் சீனி வருத்தம்,
ஒரு கரண்டி சீனி இல்லை.

அவர் கால் மடிந்து சைக்கிள்களுக்கு இடையில் சரிந்தபோது
மடி அவிழ்ந்தது.
பழைய கிளினிக் துண்டில் சுற்றிய பனங்கட்டி,
பல் பட்ட தடத்தோடு.
மனிசிக்கும் டொக்டருக்கும் ஒளித்து
எத்தனை நாள் சுமந்தாரோ.

கல்லுப் போல இருந்தது.
என் கையால் உடையவில்லை.
வாயில் வைத்துக் கடித்தேன்.

குளிசைக்குப் பிறகு பதினேழாம் நிமிடம்.
ஆறு வருடத்தில் முதல் பிழை
நாக்கில் கரைந்து இறங்கியது.
உடைந்ததை அவர் கொடுப்புக்குள் தேய்த்தேன்,
மாவாய், கொஞ்சம் கொஞ்சமாய்.
நல்லரெத்தினம் எஞ்சினை நிற்பாட்டியிருந்தார், ஏன் என்று தெரியாது.
தண்ணி பலகையில் அடிக்கிற சத்தம் மட்டும்.

பிறகு அவர் கண் என்னைக் கண்டது.
பார்வை என் கைக்கு வந்தது, பனங்கட்டிக்கு வந்தது.
மெல்ல வாங்கி, துண்டில் சுற்றி,
மடியில் திரும்பச் செருகிக்கொண்டார்.

களுவாஞ்சிகுடி. கிளினிக் வாங்கு.
தாதி அவருடைய கொப்பியைத் தூக்கிப் பிடித்தாள்.
"இருநூற்றிப் பதினொண்டு! வெறுவயிறெண்டா என்னெண்டு தெரியாதா ஐயா?
விடிய என்னத்தத் திண்ட நீங்க?"
சாமித்தம்பி என்னைப் பார்க்கவில்லை.
"ஒண்டுமில்ல மிஸ்."

என் பேரைக் கூப்பிட்டார்கள்.
மூன்றாம் முறைதான் எழும்பினேன்.
கடைவாய்ப் பல்லில் இன்னும் இனிப்பு.