மூன்று விரற்கடை

அளவு நாடா கொண்டுவரவில்லை கோகிலவாணி.
பாவு நூலில் இரண்டு முடிச்சுப் போட்டுச் சுருட்டி
சில்லறைப் பையில் வைத்திருந்தாள்.
கீழ்முடிச்சு, சைசிங் மில் மேடை.
மேல்முடிச்சு, அவள் பிக்கப்பின் தளம்.
நடுவே மூன்று விரற்கடை.
"இத மட்டும் எறக்கிக் குடுங்ணா.
இந்த மூணு வெரலுக்குத்தான்
பீமுக்கு நாலு பேர் புடிக்க வேண்டியிருக்குது."

சங்ககிரியில் பதினெட்டு வருசமாக
வண்டிகளை ஏற்றித்தான் விட்டிருக்கிறேன்.
பட்டை சேர்ப்பேன், வளைவு கூட்டுவேன்,
இன்னும் அரை டன், இன்னும் ஒரு டன்.
இறக்கச் சொல்லி வந்தவர்கள்
இதுவரை காலேஜ் பையன்கள் இரண்டு பேர்.
"தாங்கற எடை கொறையுமுங்க" என்றேன்.
"பன்னண்டு பீம் ஏத்தற எடத்துல எட்டுதான்."
"எட்டே வரட்டும். தூக்காம வரட்டும்."

கோயமுத்தூரிலிருந்து கிட் வந்தது.
வளைவு குறைந்த பட்டைகள், புது யு போல்ட்,
குட்டை ஷாக் அப்சார்பர்.
ஒரு வாஷர் குறைந்தது. எப்போதும் ஒன்று குறையும்.

பழைய யு போல்ட்டுக்கெல்லாம்
ராத்திரியே டீசல் ஊற்றி வைத்தோம்.
காலையில் மூன்று கழன்றன.
நாலாவது, சாயத்தண்ணியில் ஊறிய துரு.
மிதிலேஷ் ஸ்பேனரில் குழாய் செருகி
அதன்மேல் ஏறி நின்று குதித்தான்.
"வராதுண்ணா, இது எங்க மாமனார்" என்றான்.
கேஸ் கட்டரால் அறுத்தோம்.
கட்டு அவிழ்ந்தபோது
பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் பஞ்சுத்தூசி,
எண்ணெயோடு இறுகி,
கன்றுக்குட்டி மூக்கின் நிறத்தில்.

முன்பக்கம் டார்ஷன் பார்.
போல்ட்டைத் தளர்த்தத் தளர்த்த
வண்டி தானாக உட்கார்ந்தது,
பந்தியில் இடம் கிடைத்தவரைப் போல.

சாயங்காலம் ஓட்டிப் பார்க்க எடுத்தேன்.
மலையடிவாரம், காலி வண்டி,
குறுக்கே ஒரு வெள்ளாடு.
பிரேக்கைத் தொட்டதுதான்,
பின்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு
வால் வேறு திசைக்குப் போனது.
ஆடு என்னைப் பார்த்தது, மென்றுகொண்டே.

அப்புறம்தான் உறைத்தது.
ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே
சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி உண்டு.
வண்டி எவ்வளவு சுமக்கிறதென்று
பிரேக்குக்குச் சொல்லுகிற கம்பி.
அதற்கு எடை தெரியாது, உயரம்தான் தெரியும்.
தாழ்ந்திருந்தால் பாரம்,
நிமிர்ந்திருந்தால் காலி,
அவ்வளவுதான் அதன் படிப்பு.

நானும் அப்படித்தான் எடை போட்டிருந்தேன் அவளை.
தலை நிமிராமல் பேசுகிறாளே,
கழுத்துவரை கடன் இருக்கும்,
கூலியில் ஐநூறு விட்டுக்கொடுக்கலாம் என்று.
அவளோ அந்த நேரமெல்லாம்
என் பட்டறைத் தரையில் கிடந்த
அவள் வண்டி நட்டுகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.
பில்லில் இரண்டு நட்டுக்குக் காசு கழித்தாள்.
நான் ஐநூறை விட்டுக்கொடுக்கவில்லை.

டார்ச்சைப் பல்லில் கடித்து அடியில் படுத்து
கம்பியின் நீளத்தை மாற்றினேன்,
இதுதான் காலி, இதுதான் காலி என்று
ஒவ்வொரு திருகாக அதற்குச் சொல்லி.

மறுநாள் பள்ளிபாளையம். நானும் கூடப் போனேன்.
வண்டி பின்னாலேயே வந்து
மேடையை ஒட்டி நின்றது.
தளமும் மேடையும் ஒரே கோடு.
பழக்கதோஷத்தில் லோடுமேன்கள் நாலு பேரும்
குனிந்து, கை கொடுத்து,
மூச்சை இழுத்துப் பிடித்தார்கள்.
பீம் உருண்டு உள்ளே போய்விட்டது.

மற்றவர்கள் சிரித்தார்கள்.
செங்கோட்டுவேல் மட்டும்
பிடித்த மூச்சை விடாமல் கொஞ்சம் நின்றான்.
"அப்ப நாளையிலிருந்து
எத்தன பேரு வரோணும்?"

கோகிலவாணி அந்த நூலை எடுத்து
மேல்முடிச்சை நகத்தால் நெம்பிக்கொண்டிருந்தாள்.
நன்றாக இறுகியிருந்தது அது.