நெஞ்சில்லாத கோழி

ஊர்வலம் பத்து மணிக்கு என்றார்கள்.
ஒன்பதரைக்கே எண்ணெயைக் காயவைத்துவிட்டேன்.
அக்ராவில், கனெஷி சந்தையில், என் கோல்ட் ஸ்டோர்:
மூன்று உறைபெட்டி.
ஒன்றின் மூடி சரியாகச் சாத்தாது,
மேலே ஒரு செங்கல்.

முன்வரிசையில் என் தம்பி என்சியா.
டொர்மாவிலிருந்து இரவெல்லாம் பேருந்தில் வந்த கண்கள்.
கையில் தட்டி:
கப்பலில் வரும் கோழி எங்கள் கோழியைக் கொல்கிறது.

கொல்கிற கோழியை விற்பவள் நான்.

அவன் சொல்வது பொய்யில்லை.
நாலாயிரம் கோழி கூவிய கொட்டகையை
சிமெண்ட் மூட்டை அடுக்க வாடகைக்கு விட்டுவிட்டான்.
முட்டைத் தட்டுகள் மட்டும் மூலையில்
யாரோ எழுதி முடிக்காத கணக்குப்போல.
கடல் தாண்டி அங்கே
நெஞ்சுக்கறிக்குத்தான் நல்ல விலையாம்,
தொடையும் கழுத்தும் மிச்சம்.
மிச்சத்துக்கு எந்த விலையும் லாபம்தானே?
"நெஞ்சை வைத்துக்கொண்டு அனுப்புகிறார்கள் அக்கா,
நெஞ்சே இல்லாமல் அனுப்புகிறார்கள்."
ஈஸ்டர் விருந்தில் சொன்னான்.
சோறு ஆறிப்போனது.

நான் சொன்னதும் பொய்யில்லை.
நம் சின்ன வயதில் கோழி என்றால்
கிறிஸ்துமஸ், சாவு, இல்லையென்றால் மாப்பிள்ளை.
இப்போது செருப்புத் தைக்கிற யாவ்சன்
சனிதோறும் வந்து இரண்டு தொடை கேட்கிறார்,
பேரம் பேசாமல், கொஞ்சம் நிமிர்ந்து.
கப்பலை நிறுத்து என்கிறாய்.
அவருடைய சனிக்கிழமையை
நீ கொண்டுவந்து கொடுப்பாயா?
என் மகள் போமா நர்ஸிங் படிப்பது
இந்தப் பனிக்கட்டியின் மேல் நின்றுதான்.

இன்னும் கேட்டேன், விடவில்லை:
உன் குஞ்சுகள் எங்கே பொரிந்தன? பெல்ஜியத்தில்.
தீவனத்துச் சோயா? அதுவும் கப்பலில்.
ஊசி மருந்து?
அவன் எலும்பைத் தட்டில் வைத்தான்.
"வாங்குவது வேறு, மூழ்குவது வேறு.
கடலைத் தூர்க்கவா சொன்னேன்?
ஒரு மதகு வையுங்கள் என்கிறேன்."
அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இல்லை என்பதை அவனிடம் சொல்லவும் இல்லை.

பதினொன்றரைக்குக் கோஷம் சந்தைக்குள் நுழைந்தது.
கூடவே ஹாம்பர்க்கிலிருந்து வந்த வீப்கே என்ற பெண்,
மூக்கெல்லாம் வெயிலில் சிவந்து,
எங்களைவிடச் சத்தமாக.
ஒரு துண்டு நீட்டினேன். மாமிசம் தொடமாட்டாளாம்.
இந்த வழக்கில் கை நனைக்காதவள்
அவள் ஒருத்திதான்.

மற்றவர்கள் தின்றார்கள்.
பசிக்குப் பிறந்த ஊர் தெரியாது.
தட்டிகளைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரலை நக்கிக்கொண்டு,
மிளகாய் இன்னும் கொஞ்சம் என்று கேட்டு.
தம்பி மட்டும் தண்ணீர்ப் பொட்டலத்தைக் கடித்து
வேறு பக்கம் பார்த்துக் குடித்தான்.

அப்போதுதான் மின்சாரம் போனது.

மூன்று பெட்டிகளும் ஒரே மூச்சில் அடங்கின.
நான் முதல் மூடியைத் தூக்கப் போனேன்,
எவ்வளவு இளகும் என்று பார்க்க.
"திறக்காதே!"
அடைகாக்கும் பெட்டி இருளும்போதெல்லாம்
மனைவியிடம் கத்திய அதே குரல்.
செங்கல்லை எடுத்துக் கீழே வைத்தான்.
சாத்தாத மூடியின் மேல்
தானே ஏறி உட்கார்ந்தான்.

ஊர்வலம் அமைச்சகத்தை நோக்கிப் போய்விட்டது.
இவன் இங்கே,
தன்னைக் கொன்ற கோழிகளின் மேல்
உடம்பைப் பாரமாக்கி,
தட்டியால் விசிறிக்கொண்டு.
இரண்டு மணி நேரம்.
நாங்கள் பேசியது அம்மாவின் கண் ஆபரேஷன்,
கொட்டகை வாடகை பாக்கி, இவ்வளவுதான்.

மின்சாரம் வந்ததும் எழுந்தான்.
கால்சட்டையின் பின்புறம் ஈரம், வட்டமாய்.
"அடுத்த மாதம் மறுபடி வருகிறோம்," என்றான்.

வரட்டும்.
அதற்குள் ஒரு மூடி மாற்ற வேண்டும்.
செங்கல்லை எடுத்து வைத்தேன்.
அவ்வளவு அழுத்தவில்லை.