இரண்டாம் நாள்

யீஷூன், பதினோராம் மாடி. திங்கள் இரவு.
நான்காம் அத்தியாயத்தில் மூன்று பக்கம் எழுதி
மூன்றையும் அழித்தேன்.
கோப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது.
ஜெபக்குழு எஸ்தர்ராணியின் செய்தி:
“முடிஞ்சுதா?”

வேதத்தைத் திறந்தேன்,
ஜெபிக்க அல்ல,
எழுதாமலிருக்க ஒரு சாக்கு.
முதல் பக்கமே விழுந்தது.
வெளிச்சம்: நல்லது என்றார்.
கடல், புல், மீன்: நல்லது, நல்லது.
விரல் வைத்து எண்ணினேன்.
இரண்டாம் நாளுக்கு மட்டும்
அந்தச் சொல் இல்லை.
அத்தனை பெரிய வானத்தை விரித்துவிட்டு
ஒன்றும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.
பிறகு சாயங்காலம், விடியல்,
மூன்றாம் நாள் வேலை.

ஆண்டவரே, உமக்குமா?

வீடு தூங்குகையில் சிரித்துவிட்டேன்.
எதிர் புளோக்கில் யாரோ விளக்கணைத்தார்கள்.
முதல் ரயில் கடக்கும் முன்
ஒரு வரி வந்தது.
சுமார்தான்.
அழிக்கவில்லை.