இரண்டு பல்

ஷுவைக். மூன்றாம் சந்து. பகல் பன்னிரண்டு.
ஏழாவது ரிங் ரோட்டில் நின்றுபோன வண்டி
கயிற்றில் வந்து சேர்ந்தது.

"காலையில மட்டும் கிலுகிலுன்னு ஒரு சத்தம்,
மூணு செகண்டு. அப்புறம் அடங்கிடும்"
என்றார் டிரைவர் மஸ்தான் கனி.
அடங்கிவிட்ட சத்தத்தை யார் கேட்பார்கள்.

வால்வு கவரைக் கழற்றினேன்.
செயின் தொய்ந்து கிடந்தது.
கிராங்கின் குறி நேரே நிற்க
கேமின் குறி இரண்டு பல் தள்ளி.
மூட வேண்டிய நேரத்தில் திறந்து
திறக்க வேண்டிய நேரத்தில் மூடி
திணறியே நின்றிருக்கிறது.

டென்ஷனர் உள்ளேயே இறுகிப்போயிருந்தது.
சம்பை இறக்கினால்
உடைந்த கைடின் துண்டுகள்,
பேரீச்சம் பாகு மாதிரி ஆயில்.

"கிலோமீட்டர் தவறாம மாத்தினோமே!"
கதவோரத்து ஸ்டிக்கரைக் காட்டினார்.
அடுத்த ஆயில்: 87,000.
குறுக்கே கோடு போட்ட ஏழு.

அப்படி ஏழு போடுகிறவன்
போன நோன்பு மாதம், ஃபஹாஹீலில்,
வண்டிகள் தெருமுனை வரை நின்ற சாயங்காலம்
முதலாளி கண்ணைக் காட்ட
ஸ்டிக்கரை மட்டும் மாற்றியவன்.

செலவு எவ்வளவு என்கிறார்.
செயின் விலை கேட்டுச் சொல்கிறேன் என்கிறேன்.
பேனாவை நீட்டுகிறார்,
போன் நம்பர் எழுதித் தரச் சொல்லி.

என் நம்பரில் மூன்று ஏழு.