முன்கூட்டியே

டுலூத்தில் ஏரி இன்னும் உறையவில்லை.
படிவத்தை வெள்ளிக்குள் கேட்கிறார்கள்.
கிரெடிட்டுகள் சேர்ந்துவிட்டன, ஜனவரியிலேயே கல்லூரி.

நான் போனால் தொடரோட்டத்தில் மூன்றாவது ஆள் இல்லை.
ப்ரிட்டா திரும்பிப் பார்க்காமல்
கையைப் பின்னால் நீட்டி ஓடத் தொடங்குவாள்.
அவள் பழக்கம் அது.

இனி இங்கே உனக்கு ஒன்றுமில்லை என்கிறார் இயற்பியல் ஆசிரியர்.
மதிய மேசையில் ஒரே ஆப்பிளை
நாலு பேர் கடிப்பதை
அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சலவைக்கடையில்
ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அம்மா வாசிக்கிறாள்:
'முன்கூட்டியே வெளியேறக் காரணம்.'

அவளும் பதினாறில் வெளியேறியவள்.
காரணம், நான்.

பெற்றோர் கையொப்பத்தில்
முழுப்பெயரையும் மெதுவாக எழுதுகிறாள்,
மார்லிஸ் ஜோன் கொஸ்கி.
பிறகு, திரும்பிப் பார்க்காமலே
பேனாவைப் பின்னால் நீட்டுகிறாள்.

உலர்த்தி நிற்க இன்னும் பதினொரு நிமிடம்.