வைத்தது நாற்பத்தொன்று

கேக்குக்குப் பூ வைப்பது
கூந்தலுக்கு வைப்பது போலில்லை.
கூந்தலுக்கு வாயில்லை.

ஒவ்வொரு காம்புக்கும் பச்சை நாடா சுற்றி,
இளநீர்க் கடை ஸ்ட்ராவைத் துண்டு போட்டு
அதற்குள் இறக்கி
அப்புறம்தான் கிரீமைத் தொட விடுவேன்.
எண்ணி வைக்க வேண்டும்.
கத்தி வருமுன்
எண்ணி எடுக்க வேண்டும்.

வேப்பேரி மண்டபம், மாலை நாலரை.
மூன்றடுக்கு. கீழடுக்கு வெறும் தெர்மோகோல்,
அது எனக்கும், பேக்கரி எட்வினுக்கும்,
காசு கொடுத்த மாப்பிள்ளை டெரன்ஸுக்கும் மட்டும் தெரியும்.
ஆறு மணிக்குத்தான் ஏசி என்கிறார் மேனேஜர்.
மே மாதம்.
வெண்ணெய்க் கிரீமுக்கும் எனக்கும்
ஒரே இடத்தில் வியர்க்கிறது,
கழுத்தடியில்.

விடியற்காலை மூன்றுக்குக் கோயம்பேட்டில்
ஓசூர் ரோஜாவுக்குப் பேரம் பேசினேன்.
"முகூர்த்த நாள்க்கா. நாளைக்கு வா, பாதி விலை."
நாளைக்கு வந்து நான்
யார் தலையில் வைப்பது?

முப்பத்திரண்டாவது ரோஜாவைச் செருகும்போது
பெண்ணின் அப்பா வந்தார்.
தணிகாசலம். மாநகரப் பேருந்தில்
முப்பது வருஷ நடத்துநர்.
புது ஷூ கடிக்கிறது, நடையில் தெரிந்தது.
கையில் மஞ்சப்பை, உள்ளே ஈரத்துணி.

"கொளத்தூர்ல நம்ம மாடியில பூத்ததும்மா.
எல்லாமே கடைப்பூவா இருக்கு.
நம்ம வீட்டுதும் ரெண்டு இருக்கட்டுமே."

மேசையில் கவிழ்த்தேன்.
செவ்வரளி.
பால் கசியும் நந்தியாவட்டை.
அடியில், கசங்காமல்,
ஒரு பிடி நீலச் சங்குப்பூ.

"அரளி வேணாம் சார். விஷம்."
"தினம் அம்மனுக்கு இதைத்தானே வைக்கிறோம்?"
"அம்மன் கேக் சாப்பிடறதில்லையே சார்."

சொன்ன பிறகு
நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை.
அரளியை ஒவ்வொன்றாக எடுத்துப்
பைக்குள் போட்டார்,
கடைசி டிரிப் முடிந்து
சில்லறை எண்ணுகிறவர் மாதிரி.
நந்தியாவட்டையைத் தானாகவே சேர்த்துக்கொண்டார்.
"நீலம்?"
"நீலம் ஆகும்."

சங்குப்பூவுக்குப் பிடிக்கக் காம்பு கிடையாது,
நாடா சுற்ற வழியில்லை.
இரண்டு தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி,
நடு அடுக்கில் அப்படியே ஒட்டினேன், ஒன்பது.
நான் வரைந்து வந்த படத்தில்
நீலமே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா மேவிஸ் வந்தார்,
மூக்குக் கண்ணாடியை ஏற்றினார்.
"பீச்சும் வெள்ளையும்தானே பேசினது?"
"பெண் வீட்டுப் பூம்மா."
ம், என்றார்.
போகிற போக்கில் தட்டைக் கொஞ்சம் திருப்பினார்,
சுவரைப் பார்த்திருந்த நீலம்
நாற்காலிகளைப் பார்த்தது.

எட்டு மணி. கத்தியில் ரிப்பன் கட்டியாயிற்று.
போட்டோக்காரர் ஸ்டூல் மேல்.
நான் எடுக்கிறேன்:
ரோஜா முப்பத்திரண்டு.
சங்கு எட்டு.
மறுபடி எண்ணினேன்.
எட்டு.

அரளி இல்லை, அரளி இல்லை என்று
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
பைக்குள் போனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.
கை கேட்கவில்லை, நடுங்கியது.

பட்டுப்புடவையோடு மண்டியிட்டு
மேசை விரிப்பைத் தூக்கினேன்.
மணமக்கள் மேலே காத்திருக்க
உள்ளே ஒரு பையன், நாலு வயது இருக்கும்,
ஒரு காலில் மட்டும் சாக்ஸ்,
மேலுதட்டில் கிரீம்.

"ஆ காட்டு."

காட்டினான்.
நாக்கு நுனியில் நீலம்.
"நல்லாவே இல்ல," என்றான்.

வெளியே தலையை நீட்டினேன்.
முதல் வரிசையில் தணிகாசலம்,
ஷூவைக் கழற்றிக் காலடியில் வைத்துவிட்டு,
மடியில் மஞ்சப்பை.
வாயைச் சுருட்டி
இரண்டு முடிச்சுப் போட்டிருந்தார்.

நாற்பத்தொன்று, என்றேன் எட்வினிடம்.
வெட்டச் சொல்லுங்க.